தீர்ப்பு கிடைத்தது, காசு எங்கே?

வாப்பாவின் ஜனாஸாவைத் தொழுகைக்கு வைத்தபோது, நமது ஊர்களில் எல்லாப் பிள்ளைகளும் சொல்வதைத்தான் நானும் எழுந்து சொன்னேன். வாப்பா யாருக்காவது கடன் கொடுக்க இருந்தால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் பொறுப்பேற்கிறோம் என்றேன். ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பசளைக் கடைக்காரர். இன்னொருவர் வயல் உழுத மெஷின்காரர். மூன்றாமவர் வாப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்த அயல்வீட்டுப் பிள்ளை. மூவரின் கணக்கையும் தீர்த்தோம். "உங்கட வாப்பாவுக்கு நான் கொடுக்க இருக்கு" என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் வரவில்லை.

அது 2021. இரண்டு வருடம் கழித்து, அலுமாரியில் காணி உறுதிகளைத் தேடும்போது மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் உறுதிப்படுத்திய பிரதி கிடைத்தது. சுனாமியில் கடையை இழந்த ஒரு வியாபாரிக்கு வாப்பா 2007 இல் நெல் விற்ற காசில் 4 இலட்சம் ரூபா கொடுத்திருக்கிறார். திரும்பி வராததால் வழக்கு வைத்திருக்கிறார். 2012 இல் வென்றும் இருக்கிறார். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. உம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "கோட்டில வெண்டாச்சிதானே மகன், காசு ஏன் வரல்ல?"

அந்தக் கேள்வியோடு தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது தொகையை அல்ல, திகதியை. பத்து வருடம் கடந்துவிட்டது, இனி இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

நான் ஒரு பாடசாலை ஆசிரியர்; சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் அன்றிலிருந்து இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன், பலரிடம் கேட்டேன். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எங்கும் கடன் கொடுத்தவர்களும் பட்டவர்களும் பிணை நின்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தீர்ப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தீர்ப்புக்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது

நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால் அதுவே காசையும் அறவிட்டுத் தரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைதான் இன்றும் இதை ஆள்கிறது. அதன்படி வென்றவரே மீண்டும் நீதிமன்றத்துக்குப் போய், தீர்ப்பை நிறைவேற்றும் எழுத்தாணையைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். எழுத்தாணை பிஸ்கல் உத்தியோகத்தரிடம் போகும். அவர் கடனாளியின் வீட்டுக்குச் சென்று தொகையைக் கேட்பார். கொடுக்காவிட்டால் சொத்தைக் கைப்பற்றி ஏலத்தில் விற்று, வரும் காசிலிருந்து கடன் தீர்க்கப்படும்.

ஆனால் என்ன சொத்து, எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். பிஸ்கல் துப்பறிபவர் அல்லர். கடனாளியின் வங்கிக் கணக்கு எங்கே, அவருக்கு யார் காசு கொடுக்க இருக்கிறார்கள், காணி எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதை நாமே தேடிக் கொடுக்க வேண்டும். கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைத்து அவருடைய சொத்துகள் பற்றி விசாரிக்கும்படி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. வாப்பாவுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் கைப்பற்றவும் முடியாது. உடுக்கும் உடுப்பு, படுக்கை, தொழிலுக்கு வேண்டிய கருவிகள், விவசாயியின் ஏர்க்கருவிகளும் விதைநெல்லும், கூலித் தொழிலாளியின் கூலி, அரச ஓய்வூதியம் ஆகியவற்றுக்குச் சட்டம் வேலி போட்டிருக்கிறது. மருதமுனையில் ஒரு நெசவாளி கடன்பட்டால், அவர் பிழைக்கும் தறியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இது நியாயமான வேலி. கடனைத் தீர்க்க வேண்டுமென்றால் கடனாளி முதலில் உழைக்க வேண்டுமே.

காணியைக் கைப்பற்றினால் அந்தக் கைப்பற்றலைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதிந்த பிறகு கடனாளி அதை வேறொருவருக்கு எழுதினாலும் அது கடன்காரரைக் கட்டுப்படுத்தாது. பதிவதற்கு முன் எழுதிவிட்டால் கதை வேறு. இதற்கிடையில் மனைவியோ மச்சானோ வந்து "இது என்னுடைய சொத்து" என்று உரிமை கோரலாம். அதற்குத் தனி விசாரணை. அந்த விசாரணையில் தோற்றவர் இன்னொரு வழக்கும் வைக்கலாம்.

இத்தனைக்கும் பத்து வருடம்தான் அவகாசம். தீர்ப்பு நாளிலிருந்து பத்து வருடம் கடந்தால் எழுத்தாணை கிடைக்காது. கடனாளி மோசடியாலோ பலாத்காரத்தாலோ தடுத்தார் என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. அதை நிரூபிப்பது புதிதாக ஒரு வழக்கை நடத்துவது போன்றது.

நமது ஊரில் சொத்து யார் பெயரில்?

இனி நமது கரையோர வாழ்க்கைக்கு வருவோம். வாப்பா ஏன் பிஸ்கலை அனுப்பவில்லை என்று உம்மாவிடம் கேட்டேன். "எதப் பிடிக்கிற? வீடு மகள்ட பேர்ல, கடைச் சாமான் கடனுக்கு எடுத்தது" என்றார். அந்த ஒரு வரியில் இப்பகுதியின் முழுப் பொருளாதாரமும் இருக்கிறது.

கிழக்கில் நாம் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிக்கிறோம். வீட்டின் உறுதி மகளின் பெயரில். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்கிறார். மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்பது நமது மார்க்கச் சட்டம். ஆகவே கணவனின் கடனுக்கு மனைவியின் வீட்டில் கைவைக்க முடியாது. இதுவும் நல்ல வேலிதான். எத்தனையோ பெண்கள் கணவனின் வியாபாரம் முறிந்தபோதும் தெருவுக்கு வராமல் இருந்தது இதனால்தான்.

வயலின் நிலையும் அப்படித்தான். கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு இம்மாவட்டத்தில் எத்தனையோ ஏக்கர் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணியை நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக் கைப்பற்றி விற்க முடியாது. முச்சக்கர வண்டி, வேன் என்று பார்த்தால் பாதி லீசிங்கில் ஓடுகிறது. அதன் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது. ஆக, நன்றாக வாழ்வதாகத் தெரியும் ஒருவரின் பெயரில் கைப்பற்றக்கூடிய சொத்து ஒன்றுமே இல்லாமல் போகலாம். அவர் யாரையும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அழைப்பாணை வந்த கிழமையே நொத்தாரிசிடம் ஓடிக் கடையை மகனுக்கு நன்கொடை உறுதி எழுதுகிறவரை நாம் எல்லோரும் அறிவோம். கடன்காரரை ஏமாற்றும் நோக்கில் செய்த கைமாற்றத்தை நீதிமன்றம் இரத்துச் செய்யலாம். உரோம டச்சுச் சட்டத்திலிருந்து நமக்கு வந்த இந்த வழக்குக்குப் பாலியன் வழக்கு என்று பெயர். ஆனால் நோக்கத்தை நிரூபிக்கும் பாரம் கடன் கொடுத்தவரின் தலையில். நெல் விற்ற 4 இலட்சத்தை இழந்த ஒரு விவசாயி இரண்டாவது வழக்குக்கும் சட்டத்தரணிக்குக் காசு தேட வேண்டும். பெரும்பாலானோர் அந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

காலமும் கடனாளியின் பக்கம்தான் நிற்கிறது. வாப்பாவின் வழக்கில் வட்டியும் கேட்கலாம் என்று சட்டத்தரணி சொன்னபோது, முதல் மட்டும் போதும் என்று அவர் மறுத்ததாக உம்மா சொன்னார். அது அவருடைய ஈமான். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அதே வருடம் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. 2007 இன் 4 இலட்சத்தை இன்று ஒருவர் முழுதாகத் திருப்பித் தந்தாலும் அவர் தருவது அதன் ஒரு துண்டைத்தான்.

கண்ணுக்குத் தெரிகிறவனே அகப்படுகிறான்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011 இல் என்னோடு படிப்பித்த ஒருவருக்கு நான் பிணை நின்றேன். ஆசிரியர் கலாசாலையில் ஒரே விடுதியில் இருந்தவர். பாடசாலை இடைவேளையில் படிவத்தைக் கொண்டுவந்தார். வாசிக்காமல் ஒப்பமிட்டேன். ஒரு வருடம் கழித்து அவர் கட்டாருக்குப் போனார். தவணை நின்றது. கடிதம் எனக்கு வந்தது.

நமக்கு வந்த உரோம டச்சுச் சட்டத்தில் பிணையாளிக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. முதலில் கடன்பட்டவரின் சொத்தைத் தேடிப் பாருங்கள், அது போதாவிட்டால் என்னிடம் வாருங்கள் என்று அவர் சொல்லலாம். பிணையாளிகள் பலராக இருந்தால் பங்கு பிரிக்கவும் கேட்கலாம். நான் ஒப்பமிட்ட படிவத்தின் சிறிய எழுத்தில் இந்த இரண்டு உரிமைகளையும் நான் விட்டுக்கொடுத்திருந்தேன். போதாததற்குச் சம்பளத்தில் கழிக்கச் சம்மதக் கடிதமும் கொடுத்திருந்தேன். 31 மாதம் கட்டினேன். நண்பர் இன்றும் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார். அவருடைய மனைவியின் வீட்டுக்கு இப்போது மேல்மாடியும் இருக்கிறது.

ஏன் என்னிடம் வந்தார்கள்? நான் அதிகம் உள்ளவன் என்பதற்காக அல்ல. என் சம்பளத் துண்டு கண்ணுக்குத் தெரிகிறது, என் முகவரி மாறாது, நான் ஓட மாட்டேன். கடன் அறவிடும் முறையின் உண்மை இதுதான்: அது பொறுப்பாளியைத் தேடிப் போவதில்லை, கையில் அகப்படுகிறவரிடம் போகிறது.

கடன் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தும் பாதை மாறுகிறது. வாப்பா போன்ற தனி மனிதன் சாதாரண வழக்கு வைத்து வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வங்கிகளுக்கும் பதிவுசெய்த கடன் நிறுவனங்களுக்கும் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒரு குறுக்கு வழியைத் திறந்தது. சத்தியக் கடதாசியோடு வழக்கு வைத்தால் முதல் கட்டத்திலேயே நிபந்தனைத் தீர்ப்பு கிடைக்கும். எதிர்த்துப் பேசுவதற்கே பிரதிவாதி நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அதே வருடத்தின் 4 ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஈடு வைத்த சொத்தை வழக்கே இல்லாமல் வங்கியின் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் ஏலம் விடலாம். பராட்டே என்று பத்திரிகைகளில் வருவது இதுதான். 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்கு இதைப் பாவிக்க முடியாது என்று 2011 இல் திருத்தம் வந்தது. நாடு வீழ்ந்த பிறகு சிறு, நடுத்தர வியாபாரிகளின் குரலைக் கேட்டு 2024 இல் பாராளுமன்றம் அதைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த அவகாசம் 2025 மார்ச் இறுதி வரை நீடித்தது.

இங்கே நமது பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. கணவனின் கடனுக்கு உங்கள் வீட்டில் கைவைக்க முடியாது என்று மேலே சொன்னேன். ஆனால் கணவனின் வியாபாரத்துக்காக நீங்களே வீட்டை ஈடு வைத்து ஒப்பமிட்டால் அந்த வேலியை நீங்களே பிடுங்கிவிடுகிறீர்கள். உறுதியை எடுத்துக்கொண்டு போகும் முன் ஒரு சட்டத்தரணியிடம் தனியாகக் கேளுங்கள், கணவன் பக்கத்தில் இல்லாமல்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும. குழுக்கடன் எடுத்த பெண்களின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, தொலைக்காட்சியைத் தூக்குவேன், காஸ் சிலிண்டரைத் தூக்குவேன் என்று மிரட்டுகிற சேகரிப்பாளருக்கு அப்படி ஒரு அதிகாரமும் இல்லை. ஈடு வைக்காத வீட்டுச் சாமானைக் கைப்பற்ற நீதிமன்ற எழுத்தாணை வேண்டும். அதைக் கொண்டுவருபவர் பிஸ்கல் உத்தியோகத்தர். வேறு யாரும் அல்லர்.

பெரிய மனிதர்களும் பெரிய நாடுகளும்

சிறிய ஆட்களுக்குத்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்கள் தொடர்பான அடிப்படை உரிமை வழக்குகளில் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா, பூஜித் ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் தலா 75 மில்லியன், ஹேமசிறி பெர்னாண்டோ 50 மில்லியன், சிசிர மெண்டிஸ் 10 மில்லியன் என்று தங்கள் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு கட்ட உத்தரவு. ஆறு மாதம் தவணை. அந்தத் தாக்குதல்களின் பழியைச் செய்யாத குற்றமாகச் சுமந்த சமூகம் என்ற வகையில் அந்தத் தீர்ப்பை நாமும் உற்றுப் பார்த்தோம்.

ஆறு மாதத்தில் என்ன நடந்தது? முன்னாள் ஜனாதிபதி 15 மில்லியன் கட்டினார். மிகுதியை 2033 வரை வருடாந்தத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2024 இல்தான் அவர் முழுத் தொகையையும் கட்டி முடித்தார். நாட்டின் அதியுயர் நீதிமன்றம், முழு நாட்டுக்கும் தெரிந்த பிரதிவாதி, ஊடகங்களின் கண். அப்படியிருந்தும் இவ்வளவு காலம் எடுத்தது. ஆனாலும் காசு வந்தது. ஏனென்றால் நீதிமன்றமே விடாமல் பின்தொடர்ந்தது. வாப்பாவின் தீர்ப்பைப் பின்தொடர யாரும் இருக்கவில்லை.

நாடுகளின் கதையும் இதே கதைதான். 2001 இல் ஆர்ஜன்டீனா கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. பெரும்பாலான கடன்காரர்கள் குறைத்து வாங்கச் சம்மதித்தார்கள். ஒரு முதலீட்டு நிறுவனம் சம்மதிக்காமல் அமெரிக்க நீதிமன்றத்தில் தீர்ப்பு எடுத்தது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஆர்ஜன்டீனாவின் சொத்தைத் தேடியது. 2012 ஒக்டோபரில் ஆபிரிக்காவின் கானா நாட்டுத் துறைமுகத்துக்கு வந்த ஆர்ஜன்டீனக் கடற்படைப் பயிற்சிக் கப்பல் லிபர்ட்டாட்டைப் பிடித்து நிறுத்தியது. போர்க்கப்பலைப் பிடிக்க முடியாது என்று கடற்சட்டத்துக்கான சர்வதேச நீதிமன்றம் டிசம்பரில் விடுவிக்கச் சொன்னது. ஆனாலும் 2016 இல் ஆர்ஜன்டீனா இறங்கிவந்து இணங்கிக் காசு கொடுத்தது. தேடிக்கொண்டே இருக்கும் வசதி உள்ளவனுக்குத் தீர்ப்பு காசாக மாறும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நமது நாடும் அதே வரிசையில் நின்றது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அந்த ஜூனிலேயே ஹமில்ட்டன் ரிசேர்வ் வங்கி நியூயோர்க்கில் 250 மில்லியன் டொலருக்கு மேல் கேட்டு வழக்கு வைத்தது. கடன் மறுசீரமைப்புப் பேச்சு நடக்கிறது, அவகாசம் தாருங்கள் என்று இலங்கை கேட்டது. நீதிமன்றம் வழக்கை இடைநிறுத்தி அவகாசம் கொடுத்தது. நாட்டுக்கு அது நியாயம் என்றால், அதே நெருக்கடியில் கடை முறிந்த நிந்தவூர் வியாபாரிக்கும், வள்ளம் கரையேறிய சாய்ந்தமருது மீனவருக்கும் அந்த அவகாசத்தை யார் வாங்கிக் கொடுப்பது? நொடித்துப்போன தனிமனிதனுக்கு நம்மிடம் இருப்பது 1853 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அப்படி ஒன்று இருப்பதே நமது ஊர்களில் பேச்சில் இல்லை.

தாபரிப்புத் தீர்ப்பும் ஒரு கடன்தான்

கடன் கொடுத்தவர் என்றதும் காசுள்ள ஆணின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நமது சமூகத்தில் அறவிட முடியாத தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவர்களில் காதி நீதிமன்றத்துக்கு அலைந்த பெண்கள் நிறையப் பேர். பிள்ளைக்குத் தாபரிப்பு, கொடுக்காத மஹர், திருப்பித் தராத கைக்கூலி. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதியார் தானே அறவிடுவதில்லை. நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அங்கே அதைக் குற்றப்பணம் போல அறவிடுவார்கள். வழி இருக்கிறது. ஆனால் என் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் உம்மா, மாதம் தவறினால் மீண்டும் காதியார், மீண்டும் நீதவான் நீதிமன்றம், மீண்டும் பஸ் காசு என்று அலைவதை நான் பார்க்கிறேன். அப்பியாசக் கொப்பி வாங்கவில்லை என்று அந்தப் பிள்ளையை ஏச எனக்கு வாய் வருவதில்லை.

மார்க்கம் போட்ட கோடு

கடனை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அதற்கு இரண்டு வசனம் முன்னால், கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி சொல்லப்படுகிறது. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆக மார்க்கம் ஒரு கோடு போடுகிறது. அந்தப் பக்கம் இல்லாதவர், இந்தப் பக்கம் இருந்தும் கொடாதவர்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ அதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. தறியையும் விதைநெல்லையும் தொடாதே என்பது இல்லாதவருக்கான பாதுகாப்பு. ஒளித்து எழுதிய உறுதியை இரத்துச் செய் என்பது இருந்தும் கொடாதவருக்கான தண்டனை. இலங்கை 1980 இல் இணைந்த குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையின் 11 ஆம் உறுப்புரையும், ஒப்பந்தக் கடனைத் தீர்க்க இயலவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் போடக் கூடாது என்கிறது.

கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. அதனால் இல்லாதவர் மிரட்டப்படுகிறார், இருப்பவர் தப்புகிறார், நடுவில் நிற்கும் பிணையாளி கட்டுகிறார். நீதிமன்றத்துக்கு அந்த விவரம் தெரியாமல் இருக்கலாம். ஊருக்குத் தெரியும். யாருடைய கடை உண்மையில் யாருடையது என்பது மஹல்லாவில் எல்லோருக்கும் தெரியும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கடனை எழுதுங்கள், காலத்தை எண்ணுங்கள். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்தில் உள்ள கடனுக்கு 6 வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். வாய்ப்பேச்சுக் கடனுக்கு 3 வருடம். கடையில் கொப்பியில் எழுதிக் கொடுத்த சாமானுக்கு ஒரு வருடம்தான். நமது பலசரக்குக் கடைக்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இரண்டாவது, இணக்க சபையை ஏளனமாகப் பார்க்காதீர்கள். 1988 ஆம் ஆண்டின் சட்டத்தில் தொடங்கிய இச்சபைகளின் எல்லையை 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் 5 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. சிறிய தனிநபர் கடன்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும். கடனாளி தவணையாகக் கட்ட மனமுவந்து ஒத்துக்கொள்ளும் ஓர் இணக்கம், அலுமாரியில் தூங்கும் பத்துத் தீர்ப்பை விட மேலானது.

மூன்றாவது, தீர்ப்பு எடுத்தவர்கள் திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள். கடனாளியின் பெயரில் உள்ள காணியை அன்றே தேடுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். அது 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் வசதியற்றவர்களுக்காகவே அமைக்கப்பட்டது.

நான்காவது, ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் ஒரு கூட்டம். நமது பைத்துஸ் ஸகாத் அமைப்புகள் தையல் மெஷினும் முச்சக்கர வண்டியும் கொடுக்கின்றன. நல்லது. ஆனால் உண்மையாகவே முறிந்துபோன ஒருவரின் கடனை விசாரித்து, கடன் கொடுத்தவரோடு பேசிக் குறைத்து, மிகுதியைத் தீர்த்துவிடுவதும் அதே கடமைக்குள் அடங்கும். அதே விசாரணையில் ஒருவர் இருந்தும் கொடாதவர் என்று தெரிந்தால், அவரை நம்பிக்கையாளர் சபையின் முன்வரிசையில் உட்கார வைக்காமல் இருப்பதும் பள்ளிவாசலின் கையில்தான் இருக்கிறது.

வாப்பாவின் கடனாளியைப் போய்ப் பார்த்தேன். வயதாகிவிட்டது. மகளின் வீட்டில் இருக்கிறார். அவர் பெயரில் ஒன்றும் இல்லை. அவருடைய மகன்மாருக்கு இரண்டு கடை இருக்கிறது. ஒன்று வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் திறந்தது. அது யாருடைய காசு என்று நான் கேட்கவில்லை. சட்டத்தில் இனி நான் கேட்கவும் முடியாது. ஆனால் பத்து வருடத்தில் அந்திமப்படுவது தீர்ப்பை நிறைவேற்றும் உரிமைதான். கடன் அவருடைய கழுத்தில் இருக்கிறது, அது இப்போது உம்மாவுக்கும் எங்களுக்கும் உள்ள வாரிசுரிமை. மகன்மாரிடம் இதை நான் சொல்லியிருக்கிறேன். அவர்களின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு சிறிய வேண்டுகோள். நமது ஜனாஸாக்களில் மையித்து யாருக்குக் கடன் என்று மட்டும் கேட்கிறோம். மையித்துக்கு யார் கடன் என்றும் அதே சபையில் இமாம்கள் கேட்கட்டும். அன்று ஒருவரும் எழுந்து வராமல் இருக்கலாம். ஆனால் ஸப்பில் நிற்கும் ஒருவருக்காவது தான் கொடுக்க வேண்டியது ஞாபகம் வரும்.